நூறாம் பக்கத்தில் படுத்துக்கொள்ளும் பலகை

பலகையைத் திருப்பிக் கொடுத்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். நூலகத்தில் இரவல் வாங்கிப் போனவர், கொண்டுவந்து மேசையில் வைத்து, "நூறாவது பக்கத்துல செத்துப் போகுதும்மா. உயிர் கொடுத்தா எழுந்து நாலு பக்கம் நடந்து, திரும்பவும் அங்கேயே போய் விழுது" என்றாராம். நூலகர் அம்மா அதை ஒரு சொல் குறையாமல் தொலைபேசியில் பெரியப்பாவிடம் ஒப்பித்தார். பெரியப்பா அதைக் கொண்டுவந்து என் தலையில் இறக்கினார்.

"பாப்பா, பக்கம் திருப்புறது உன் வேலைதானே?"

பலகை என்பது நாங்கள் விற்கும் இ-ரீடர். எங்கிருந்தோ பெட்டி பெட்டியாக வரும் கருவிக்குள் எங்கள் மென்பொருளை ஏற்றி, முதுகில் எங்கள் பெயரை ஒட்டி விற்கிறோம். நிறுவனத்தின் பெயர்ப்பலகை எங்கள் வாசலைவிட அகலம். அதன் ஒரு ஓரம் பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடையின் மேல் நீட்டிக்கொண்டிருப்பதால், பாதிப் பேர் எங்களை அங்கே போய்த் தேடுவார்கள். உள்ளே வந்தால் கீழே கைபேசி உறை விற்கும் கடை. அதை அக்கா பார்த்துக்கொள்கிறாள். பெரியப்பாவின் ஒரே மகள். படியேறினால் ஓர் அறை, ஒரு ஜன்னல், மூன்று பதவிகள். பெரியப்பா நிர்வாக இயக்குநர். அக்காவைக் கட்டிய அத்தான் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி. நான் உதவி. யாருக்கு உதவி என்று அட்டையில் போடவில்லை.

வேலைப் பிரிவினையில் குழப்பமே இல்லை. பக்கம் திருப்புவது, எழுத்தைப் பெரிதாக்குவது, விட்ட இடத்தை நினைவில் வைப்பது என்று ஒருவர் படிப்பதற்கு என்னவெல்லாம் வேண்டுமோ அதெல்லாம் நான். மற்றதெல்லாம் அத்தான். அந்த மற்றதுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'அனுபவம்'.

காலையிலேயே பெரியப்பா தீர்ப்பைச் சொல்லிவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூலகர் அம்மா நேரில் வருகிறார். அதற்குள் தப்பு எங்கே என்று காட்ட வேண்டும். பக்கம் திருப்புவதில்தான் தப்பு என்றால், நாளையிலிருந்து நான் கீழே அக்காவோடு நின்று கைபேசிக்கு உறை மாட்டலாம், கண்ணாடி ஒட்டலாம். மேலே இருப்பதை அத்தான் ஒருவரே கவனித்துக்கொள்வார்.

"அதுவும் தொழில்நுட்பம்தான் பாப்பா. குமிழி வராம கண்ணாடி ஒட்டுறது எல்லாருக்கும் வராது" என்றார் பெரியப்பா.

"புழுவுக்கு வரும் மாமா. நல்ல பொறுமை" என்றார் அத்தான்.

மேசைக்கடியில் தடித்தடியான மொழிபெயர்ப்பு நாவல்களை வைத்து நான் படிப்பதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவருக்கு நான் புழு. புத்தகம் என்ற முன்பாதியை நேரம் மிச்சப்படுத்துவதற்காக விட்டுவிட்டார்.

எனக்கு அந்த ஜன்னலோர நாற்காலி வேண்டும். அதில் உட்கார்ந்துதான், ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டால் கண் தடுக்காமல் ஓடும் என்று மாதக்கணக்காகப் பார்த்துவந்தேன். யார் கண்ணிலும் படாத வேலை. பட்டால் அதில் தப்பு இருக்கிறது என்று அர்த்தம். நான் கீழே இறங்கினால் அந்த இடைவெளிகளெல்லாம் அத்தானின் கைக்குப் போகும். அவர் அதற்குள்ளும் ஓர் அனுபவத்தைச் செருகிவிடுவார்.

தப்பு யாருடையது என்று கண்டுபிடிக்க வழி இருந்தது. எந்தக் கருவியும் சாவதற்கு முன், என்ன வேலை செய்துகொண்டிருந்தேன், எந்த இடத்தில் மூச்சு நின்றது என்று உள்ளே குறித்துவிட்டுத்தான் சாகும். அதை லாக் என்போம். மறுபடி எழுந்ததும் பழைய குறிப்பு அழிந்துவிடும். கம்ப்யூட்டரைக் கருவியோடு இணைத்துவிட்டு, அதைச் சாகவிட்டு, அந்த லாக்கைப் பார்த்தால் போதும். இணைக்க ஒரு கேபிள் போதும். ஆனால் இந்தப் பலகையை நூலகத்துக்கு அனுப்புவதற்கு முன் அத்தான் அதன் துளையில் கேபிளைத் தலைகீழாகச் செருகி, அது போக மறுத்ததும் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டியிருந்தார். அன்றிலிருந்து சாய்த்துப் பிடித்தால் சார்ஜ் ஏறும். வேறு எதுவும் ஏறாது.

மீதி இருந்தது வயர்லெஸ் டீபக்கிங். கம்பியில்லாமல், வைஃபை வழியாகவே கம்ப்யூட்டர் பலகையின் வயிற்றுக்குள் எட்டிப்பார்க்கும் வழி. பலகை ஒரு எண்ணைக் காட்டும். அதைக் கம்ப்யூட்டரில் அடித்தால் இரண்டும் ஜோடி சேரும். கேட்க நன்றாக இருக்கிறது.

பலகை எண்ணைக் காட்டியது. அடித்தேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு முடியாது என்றது.

"ரீசெட் பண்ணிடலாம்" என்றார் அத்தான்.

ரீசெட் என்றால் கருவியைப் பிறந்த நாளுக்கே திருப்பி அனுப்புவது. அத்தானிடம் இருக்கும் ஒரே மருந்து அது. கருவிக்குத் தலைவலி என்றாலும் அதுதான், கால்வலி என்றாலும் அதுதான்.

"ரீசெட் பண்ணினா எல்லாம் அழிஞ்சிடும் அத்தான். அந்த மெக்கானிக் படிச்ச இடம்கூடப் போயிடும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். பிரச்சினையே போயிடும்."

பெரியப்பா தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். எங்கள் இருவருக்கும் நடுவே குனிந்து திரையைப் பார்த்து, மருத்துவர் போல உதட்டைப் பிதுக்கினார்.

"சிக்னல் பத்தலை. எனக்கு அனுபவம் உண்டு. கொடு இங்க."

பலகையை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறி, ஜன்னல் பக்கமாக இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். வைஃபையை அனுப்பும் ரௌட்டர் அவருக்கு நேர் பின்னால் அலமாரி மேல் இருந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா டீயோடு படியேறி வந்தாள்.

"என்னப்பா ஸ்டூல் மேல? ஒட்டடை அடிக்கிறீங்களா?"

"வைஃபை பிடிக்கிறேன்மா."

"அதுக்கு எதுக்கு ஜன்னல்? தெருவுல போறதையா பிடிக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏய், நாளைலேருந்து நாம ஆளுக்கு ஒரு பக்கம் கண்ணாடி ஒட்டணும்னு அப்பா சொன்னார். எனக்கு ஆள் வேணாம்னு சொல்லிடு. கடையில நிக்கவே இடம் இல்லை."

"நான் என்னக்கா சொல்றது, நீயே சொல்லேன்."

"நான் சொன்னா கேட்கிறவங்களா இந்த வீட்டுல?" என்றபடி, கேட்காதவர்களுக்கு ஆளுக்கொரு டீயைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

நான் மறுபடி எண்ணை அடித்தேன். மறுபடி முடியாது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். ரௌட்டரை அணைத்துப் போட்டோம். அத்தான் தன்னையும் அணைத்துப் போட்டுக்கொள்வது போலக் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தார். பலகையில் மட்டும் அந்த எண் அச்சடித்தது போல அப்படியே நின்றது.

அப்படியே நின்றது என்பதுதான் எனக்கு உறுத்தியது. அணைத்துப் போட்ட ரௌட்டர் இன்னும் கண் விழிக்கவேயில்லை. ஆனால் பலகையின் மூலையில் வைஃபை முழு பலத்தோடு இருப்பதாகக் குறி போட்டிருந்தது.

எங்கள் கருவியின் பெருமையே அதன் திரைதான். காகிதம் மாதிரி. ஒருமுறை எழுதியதைக் காட்டிக்கொண்டே இருக்க அதற்கு மின்சாரம் தேவையில்லை. உள்ளே உயிர் போனாலும் முகம் மாறாது. அத்தான் வேறு, பேட்டரி அதிக நாள் வரவேண்டும் என்று, விரல் படாவிட்டால் சட்டென்று வைஃபையை நிறுத்திவிட்டுத் தூங்கும்படி செய்து வைத்திருந்தார். நாங்கள் டீ குடித்த நேரமெல்லாம் பலகை தூங்கியிருக்கிறது. தூங்குகிறவன் கையிலிருந்த சீட்டைப் படித்துப் படித்து நான் தட்டச்சு செய்திருக்கிறேன்.

"தூங்கிட்டு இருக்கு அத்தான்."

"யாரு, மாமாவா?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"பலகை. நீங்க வச்ச சிக்கனம். விரல் பட்டுக்கிட்டே இருந்தாத்தான் முழிச்சிருக்கும்."

பெரியப்பாவுக்கு ஒரு வேலை கிடைத்ததில் மகிழ்ச்சி. "நான் தட்டிக்கிட்டே இருக்கேன், நீ உன் வேலையைப் பாரு" என்றார். தட்டினார். தட்டியதில் எண் இருந்த பெட்டி மூடிக்கொண்டது. திறந்தால் புது எண். நான் அதை அடித்து முடிப்பதற்குள் பெரியப்பாவின் விரல் மொழி அமைப்புக்குப் போய்விட்டது; பலகை எங்களில் யாருக்கும் தெரியாத ஒரு மொழியில் பேச ஆரம்பித்தது. அதை மீட்டுக்கொண்டு வருவதற்குள் காலையில் பாதி போனது.

"ஓரமா, எதுவும் இல்லாத இடத்துல தட்டுங்க பெரியப்பா."

"எதுவும் இல்லாத இடம்னு எப்படித் தெரியும்?"

"வெள்ளையா இருக்கும்."

தட்டிக்கொண்டே இருந்தார். பலகை விழித்திருந்தது. எண் சரி. அடித்தேன். முடியாது.

இந்த முறை ரௌட்டரைச் சந்தேகப்பட்டேன். எங்கள் ரௌட்டரில் இரண்டு வைஃபை உண்டு. ஒன்றின் பெயர் 'நிர்வாகம்', இன்னொன்று 'விருந்தினர்'. என் கம்ப்யூட்டர் நிர்வாகத்தில் இருந்தது. பலகை விருந்தினரில் இருந்தது. நிர்வாகத்தின் பாஸ்வேர்ட் அத்தானுக்கு மட்டுமே தெரியும். எந்தக் கருவிக்கும் அவரே வந்து, கையால் மறைத்துக்கொண்டு அடித்துக் கொடுப்பார். பலகைகளை அந்த மரியாதைக்குத் தகுதியானவையாக அவர் நினைக்கவில்லை. கம்ப்யூட்டரை விருந்தினர் பக்கம் கொண்டுபோனாலும் பலனில்லை. விருந்தினர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது என்று அத்தான் ரௌட்டரில் சட்டம் போட்டிருந்தார். என் கைபேசியிலிருந்து இணைப்பு கொடுத்துப் பார்த்தேன். பழைய பலகை அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அத்தான், நிர்வாகத்துப் பாஸ்வேர்ட் வேணும்."

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாதுகாப்பு விஷயம். நீயா அடிக்கக் கூடாது."

"நீங்களே அடிங்க."

"அடிக்கிறேன். எதுக்கு நிர்வாகம்னு கேட்கிறேன். அது உனக்குத் தேவையா?"

"மாப்பிள்ளை, அடிச்சுத்தான் கொடுங்களேன். அந்தம்மா வந்துடுவாங்க" என்றார் பெரியப்பா, தட்டுவதை நிறுத்தாமல்.

அத்தான் பலகையை எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். அடித்தார். தப்பு என்றது. மறுபடி அடித்தார், மறுபடி தப்பு. எங்கள் திரையில் எழுத்து ஆற அமரத்தான் வந்து சேரும். வந்ததும் புள்ளியாகிவிடும். எந்த எழுத்தை விட்டோம் என்று தெரியாது. கடைசியில், எழுத்தைக் காட்டு என்ற கட்டத்தில் டிக் போட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்தார். இணைந்தது. போட்டியில் ஜெயித்த கோப்பையை வைப்பது போலப் பலகையை மேசை நடுவில் வைத்தார்.

காகிதம் போன்ற திரைக்கு இன்னொரு குணமும் உண்டு. முன்பு காட்டியதை முழுக்க மறக்காது. சரியாக அழிக்காத சிலேட்டு போல, பழைய எழுத்து சாம்பல் நிறத்தில் கொஞ்ச நேரம் தங்கும். வைஃபை பட்டியலின் பின்னால், ஆங்கில எழுத்தில், இடைவெளியே விடாமல், அத்தானின் பாஸ்வேர்ட் மிதந்துகொண்டிருந்தது: கிழவன்எப்போபோவான். கடைசியில் ஒரு கேள்விக்குறி. பாஸ்வேர்டில் ஏதாவது ஒரு குறி இருந்தே தீர வேண்டும் என்ற விதியை மதித்திருக்கிறார்.

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

பெரியப்பா நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "பின்னால என்னமோ மங்கலா எழுதியிருக்கே. கே... ஐ... இஸட்..."

நான் எட்டித் திரையைத் துடைக்கும் பொத்தானை அமுக்கினேன். பலகை ஒருமுறை கறுத்து, ஒருமுறை வெளுத்து, பச்சைக் குழந்தையாகிவிட்டது.

"ஒண்ணுமில்ல பெரியப்பா. பழைய எழுத்து."

இதை நல்ல குணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த நேரத்தில் மாமனாரும் மருமகனும் சண்டைக்கு நின்றால், நூலகர் அம்மா வரும்போது அறையில் நாற்காலியே மிஞ்சியிருக்காது, என்னுடையதும் சேர்த்து.

ஜோடி சேர்ந்தது. கம்ப்யூட்டரே அப்படிச் சொன்னது. அத்தான் கைதட்டினார். ஆனால் இணைப்பு கொடுத்தால் மறுத்தது.

"ஜோடி சேர்ந்துடுச்சுன்னுதானே சொல்லுச்சு? அப்புறம் ஏன் பேச மாட்டேங்குது?" என்றார் பெரியப்பா.

"அது சகஜம் மாமா" என்று ஒரு பெருமூச்சு விட்டார் அத்தான். பிறகு பழக்கதோஷத்தில், "பேசாம ரீசெட்..." என்று ஆரம்பித்தார்.

"பண்ணலாம் அத்தான். ஆனா பாஸ்வேர்ட் மறுபடி அடிக்கணும். நீங்க சத்தமா சொல்லுங்க, நான் அடிக்கிறேன், பெரியப்பா சரிபார்க்கட்டும்."

அத்தான் சற்று நேரம் ஜன்னலைப் பார்த்தார். "வேணாம். மெக்கானிக் படிச்ச இடம் முக்கியம்" என்றார்.

விஷயம் சின்னதுதான். ஜோடி சேர்வதற்கு ஒரு வாசல், பேசுவதற்கு இன்னொரு வாசல். இரண்டுக்கும் தனித்தனி எண். நான் ஜோடி சேர்க்கும் வாசலிலேயே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பேசும் வாசலின் எண் அதே பக்கத்தில், பெட்டிக்கு மேலே, யாரும் பார்க்காத இடத்தில் சின்னதாக இருந்தது. அடித்தேன். கம்ப்யூட்டரில் வரிகள் கொட்ட ஆரம்பித்தன. பலகை இப்போது எங்கே தூங்குகிறது, எங்கே கொட்டாவி விடுகிறது என்பதெல்லாம் ஓடியது. முதல் வேலையாக அத்தானின் சிக்கனத்தை அணைத்தேன்.

"தட்டுறதை நிறுத்தலாம் பெரியப்பா."

அவர் விரலை ஊதிக்கொண்டிருக்கும்போது நூலகர் அம்மா வந்துவிட்டார்.

படியேறியதில் மூச்சு வாங்கியபடி நேராகப் பெரியப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். அதில் உட்கார எங்களில் யாருக்கும் அனுமதியில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"சொல்லுங்க, என்ன கோளாறு?"

"பார்த்துக்கிட்டே இருங்க மேடம்" என்று அத்தான் பலகையை எடுத்தார். விட்ட இடத்திலிருந்து விறுவிறுவென்று பக்கத்தைத் தள்ளினார். நூறு வந்தது, போனது. நூற்றைம்பது போனது. அவர் விரல் சீட்டுக்கட்டு கலைப்பது போல ஓடியது. பலகை சாகவில்லை. லாக்கிலும் ஒன்றுமில்லை.

"பார்த்தீங்களா! எங்க கருவியில ஒரு தப்பும் இல்லை" என்றார் பெரியப்பா. "அந்த ஆள் கை முரட்டுக் கை. லிஃப்டைத் தூக்குற கை."

"அவர் லிஃப்டைத் தூக்க மாட்டார், ரிப்பேர்தான் பண்ணுவார்" என்றார் நூலகர் அம்மா. "என் முன்னாலேயே ரெண்டு தடவை செத்துச்சு. நான் பொய் சொல்றேனா?"

சாகவில்லை என்றால் லாக் இல்லை. லாக் இல்லை என்றால் பெரியப்பாவுக்குத் தப்பு பக்கம் திருப்புவதில்தான்.

"அவர் எப்படிம்மா படிப்பார்?" என்று கேட்டேன்.

"எப்படின்னா? கண்ணாலதான்."

"இல்லைம்மா. வேகமா, மெதுவா?"

"ரொம்ப மெதுவா. உதடு அசையும். ஒரு பக்கம் முடிச்சா நிமிர்ந்து சுவரைப் பார்ப்பார். அப்புறம்தான் அடுத்தது." சொல்லிக்கொண்டே அவர் குரல் தணிந்தது. "ஏதோ ஒரு தீவுல தபால் பிரிக்கிற பொண்ணோட கதை. தொண்ணூத்தெட்டுல யாரோ கதவைத் தட்டுறாங்க. திறந்தாளா இல்லையான்னு தெரியாம அந்த மனுஷன் தினமும் வந்து என்னைக் கேட்கிறார்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கருவியை நாங்கள் எத்தனையோ முறை சோதித்திருக்கிறோம். எல்லாமே தள்ளிப் பார்த்ததுதான். பெரியப்பா அட்டையோடு நிறுத்திவிடுவார். அத்தான் வேகத்தைப் பார்ப்பார். நான் எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளையைப் பார்ப்பேன். படிக்கவேண்டும் என்று தோன்றினால் மேசைக்கடியில் இருக்கும் காகிதத்துக்குப் போய்விடுவேன். வாசிப்புக் கருவி விற்கும் இந்த அறையில், அதில் ஒரு நூறு பக்கத்தை யாருமே வாசித்ததில்லை.

"படிச்சாத்தான் சாகும்னு நினைக்கிறேன்" என்றேன்.

"என்ன பேச்சு இது பாப்பா?" என்றார் பெரியப்பா, விருந்தாளி முன் கெட்ட வார்த்தை கேட்டவர் போல.

நான் மெக்கானிக் விட்ட இடத்துக்குப் பலகையைத் திருப்பி, நூலகர் அம்மாவின் கையில் கொடுத்தேன். "நீங்க படிங்கம்மா. சாதாரணமா, வீட்டுல படிக்கிற மாதிரி."

அவர் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கினார்.

ஒருவர் படிப்பதை எங்கள் நிறுவனம் அதுவரை பார்த்ததில்லை. அதில் பார்க்க ஒன்றும் இல்லை என்பதே அவர்களுக்கு அதிர்ச்சி. பெரியப்பா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். அத்தான் கைபேசியை எடுத்து, வைத்து, எடுத்தார்.

"முடிஞ்சுதா மேடம்?"

நூலகர் அம்மாவின் கண் அடுத்த வரிக்கு இறங்கியது.

"அடுத்த பக்கம் போயிட்டீங்களா?"

நூலகர் அம்மா பக்கத்தைத் திருப்பினார், நிமிராமலே. ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று விட்டுவிட்டார்கள். மீண்டும் ஒரு பக்கம் திரும்பியது.

"இவ்வளவு நேரமா ஆகும் ஒரு பக்கத்துக்கு?" என்று என் காதில் கேட்டார் பெரியப்பா.

"ஆகும் பெரியப்பா."

"அப்ப ஒரு புத்தகத்துக்கு?"

அவருடைய முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. தான் இத்தனை வருடம் எப்படிப்பட்ட மக்களுக்குப் பொருள் விற்றுக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது போல.

"கதவுகிட்ட போயிட்டா" என்றார் நூலகர் அம்மா, யாரிடமும் இல்லாமல். பக்கத்தைத் திருப்பினார்.

பலகை கறுத்தது. பிறகு வெளுத்தது. எழுத்தில்லாத ஒரு வெள்ளை, மேலே ஒரு நெற்றியின் துண்டு மட்டும் எட்டிப்பார்த்தது. அப்படியே நின்றுவிட்டது.

"செத்துப் போச்சு!" என்றார் நூலகர் அம்மா. அவர் குரலில் இருந்தது கோபமா துக்கமா தெரியவில்லை.

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். கடைசி வரிகள் நின்றிருந்தன. ஒருமுறை படித்தேன். எனக்கே நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை படித்தேன்.

"யாரோட தப்பு?" என்றார் பெரியப்பா.

"பக்கம் திரும்பி முடிஞ்சிடுச்சு பெரியப்பா. அதுக்கு அப்புறம்தான் விழுந்திருக்கு. 'வாழ்த்து'ன்னு ஒண்ணு ஓடியிருக்கு."

அத்தான் தொண்டையைச் செருமினார். "அது மாமா சொன்னது. ஒருத்தர் நூறு பக்கம் படிச்சு முடிச்சா நிறுவனத்தோட சார்புல ஒரு வாழ்த்து வரணும்னு. சும்மா தள்ளுறவனுக்கெல்லாம் வரக் கூடாது, நிஜமா படிச்சவனுக்குத்தான் வரணும்னு மாமாதான் கறாரா சொன்னார். அதனால வேகமாத் தள்ளினா கணக்குல வராது."

"வாழ்த்துனா சந்தோஷம்தானே? அதுக்கு ஏன் சாகணும்?" என்றார் நூலகர் அம்மா.

"வண்ணக் காகிதம் பறக்கும்" என்றார் அத்தான் மெல்ல. "அப்புறம் ஒரு படம்."

"கறுப்பு வெள்ளைத் திரையில வண்ணக் காகிதமா?"

"அனுபவம் மேடம்."

"என்ன படம்?"

அத்தான் கைபேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "பெரியப்பாவோட படம்மா. சிரிச்சுக்கிட்டே கைகூப்புற மாதிரி. கேமராவுல எடுத்த அளவுலேயே, சுருக்காம, அப்படியே போட்டிருக்கு. இவ்வளவு பெரிய படத்துக்குப் பலகையோட மெமரியில இடம் இல்லை. முகத்தைத் திறக்கப் பார்த்து, முடியாம விழுந்திருக்கு."

பெரியப்பா பலகையின் மேல் மாட்டிக்கொண்டு நின்ற தன் நெற்றியையே பார்த்தார். ஒரு பக்கமும் சாயாமல் நின்று, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்.

"ஆனா பாப்பா, பக்கத்தைத் திருப்பினதாலதானே படம் வந்தது? திருப்பலைன்னா வந்திருக்காதே?"

"கரெக்ட் மாமா" என்றார் அத்தான் உடனே.

"அப்படிப் பார்த்தா படிச்சவர் மேலதான் தப்பு" என்றார் நூலகர் அம்மா. "நான் போய் அவர்கிட்ட சொல்லிடறேன், இனிமே படிக்காதீங்கன்னு."

பெரியப்பாவுக்கு அந்தக் குத்தல் எட்டவில்லை. அல்லது எட்டி, வியாபார மூளை முந்திக்கொண்டது. "அதெல்லாம் வேணாம்மா. சுலபமா சரிபண்ணிடலாம். மாப்பிள்ளை, நூறுங்கிறதை ஆயிரம்னு மாத்திடுங்க. எவன் ஆயிரம் பக்கம் படிக்கப் போறான்?"

நூலகர் அம்மா மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் எழுந்துவிட்டால் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. அவர் கை தரையிலிருந்த பையைத் தேடியது. போகிறவர் பையை மட்டும் கொண்டுபோக மாட்டார், நூலக வியாபாரத்தையும் சேர்த்துத்தான். நாளைக் காலை பெரியப்பா யாரைக் கீழே அனுப்புவார் என்பதில் சந்தேகமே இல்லை.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றேன். "அந்தப் பொண்ணு கதவைத் திறந்தாளான்னு தெரிய வேணாமா?"

கை நின்றது.

நான் யாரையும் கேட்கவில்லை. வாழ்த்தை வேரோடு பிடுங்கினேன். வண்ணக் காகிதம், கைகூப்பு, சிரிப்பு எல்லாம். மென்பொருளை மறுபடி கட்டி, காற்று வழியே அனுப்பினேன். பெரியப்பா என் தோளுக்கு மேலே குனிந்து, "என்ன பண்றே? என்னைக் கேட்காம என் படத்தை..." என்றார். அத்தான், "இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு, புழு" என்றார். அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று காட்டும் கோடு, எங்கள் வீட்டுப் பேச்சு எதையும் பொருட்படுத்தாமல் வலது பக்கமாக ஊர்ந்தது.

பலகை உயிர்த்தெழுந்தது. நெற்றி போய், எழுத்து வந்தது. நூலகர் அம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, தொண்ணூற்றெட்டிலிருந்து மறுபடி தொடங்கினார். தொண்ணூற்றொன்பது. நாங்கள் மூவரும் அவர் விரலையே பார்த்தோம். விரல் தொட்டது. நூறு வந்தது. வெறும் நூறு, எழுத்தும், நடுவே நான் விட்ட வெள்ளையும்.

அவர் படித்தார். நூற்றொன்று. நூற்றிரண்டு. சாய்ந்து உட்கார்ந்து காலை மடக்கிக்கொண்டார்.

"அப்ப மேடம், நாங்க மத்த பலகைகளையும்..." என்று ஆரம்பித்தார் பெரியப்பா.

"எல்லாத்துலயும் இந்தப் பொண்ணையே மாத்தித் தரச் சொல்லுங்க" என்றார் நூலகர் அம்மா தலை நிமிராமல். "இவளே கொண்டுவரட்டும். நீங்க வர வேணாம்."

"எங்க மாப்பிள்ளையோட தலைமையில..."

"உஷ்."

பெரியப்பா வாயை மூடினார். அவர் வாழ்நாளில் தன் அறையில், தன் நாற்காலிக்கு எதிரே நின்றுகொண்டு வாய் மூடியது அதுவே முதல்முறையாக இருக்கலாம். அத்தான் சத்தம் வராமல் படியிறங்கப் பார்த்தார். கீழிருந்து அக்காவின் குரல் வந்தது: "நீங்க எதுக்கு இறங்குறீங்க? இங்க இடம் இல்லைன்னு சொன்னேனா இல்லையா?" அவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் பெரியப்பாவின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "பெரியப்பா, நாளைக்கு நான் எங்க உட்காரணும்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் நாற்காலியில் சம்மணம் போட்டபடி பக்கம் திருப்பிக்கொண்டிருந்த அந்த அம்மாவையே பார்த்தார்.

"எங்க உட்கார்ந்திருக்கியோ அங்கேயே உட்காரு" என்று முணுமுணுத்தார். "சத்தம் போடாதே. அந்தம்மா படிக்கிறாங்க."